உறையாத ரத்தம், ஒரு பிடி கீரை

1. சிஸ்டர் இல்லாத சிஸ்டர்

ஓசூரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கொதிக்கவைத்த ஊசியை இடுக்கியால் எடுத்துப் பொருத்துவதற்குள் ஒருவர் மயங்கி விழுந்தார். ஃபோர்ஜிங் ஷாப்பில் வேலை செய்கிறவர். பழுக்கக் காய்ந்த இரும்பைத் தினமும் புரட்டிப் போடுகிற கை. என் ஊசியைக் கண்டதும் ஸ்டூலோடு சாய்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினேன். "எடுத்துட்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். "இன்னும் குத்தவே இல்லீங்க" என்றேன். மறுபடியும் சாய்ந்தார்.

நான் சிஸ்டர் இல்லை. லேப் டெக்னீஷியன். சொந்த ஊர் கிருஷ்ணகிரி, சேலத்தில் படிப்பு. எண்பதுகளில் ஓசூரில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் என் லேப். வெள்ளை கோட்டு போட்ட பெண் யாராக இருந்தாலும் சிஸ்டர்தான் என்று ஊர் முடிவு செய்திருந்தது. ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். "சரிங்க சிஸ்டர்" என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

இப்போது லேபுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் ட்யூபை மெஷினில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். அதில் தப்பில்லை, மெஷின் என்னைவிட ஒழுங்காக வேலை செய்கிறது. அந்தக் காலத்தில் ரத்தம் உறைகிற நேரத்தை நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் விஷயத்துக்கு அது வேண்டும்.

விரலில் குத்தி, மயிர் போன்ற மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றுவோம். அதற்குப் பெயர் கேப்பிலரி ட்யூப். அரை நிமிடத்துக்கு ஒரு தரம் குழாயின் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துக்கொண்டே வருவோம். உடைத்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் சிவப்பாக ஒரு நூல் இழுபட்டால் ரத்தம் உறைந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் பாதிக் குழாய் உடைவதற்குள் நூல் வந்துவிடும். இதற்கு க்ளாட்டிங் டைம் என்று பெயர், சுருக்கமாக 'சி.டி.' என்போம். முதுகில் ஊசி போடுவதோ, கத்தி வைப்பதோ, எதுவாக இருந்தாலும் முதலில் சி.டி. பார்த்தாக வேண்டும் என்பது எங்கள் டாக்டர் நாகராஜ் போட்ட சட்டம். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார், ஓ.பி.யில் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் கன்னடம் வரும். எங்கள் எல்லோருக்கும் கன்னடம் சீக்கிரமே புரிய ஆரம்பித்தது.

2. காலால் பிறந்தவர்

ஓசூரில் முதுகுவலி என்பது சளி மாதிரி. தொழிற்பேட்டையில் எந்த ஷெட்டுக்குள் போனாலும் யாராவது ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். டாக்டரிடம் வருவதற்கு முன்னால் இரண்டு வைத்தியம் முடிந்திருக்கும். ஒன்று, யாரோ ஒருவர் பாக்கெட்டில் வைத்திருக்கும் வலி மாத்திரை. இன்னொன்று, காலால் பிறந்தவரின் மிதி.

தலை முதலில் வராமல் கால் முதலில் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இந்து, முஸ்லிம் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. ஒரு மெஷின் ஷாப்பில் இக்பால் என்று ஒருவர் இருந்தார். கிருஷ்ணகிரிக்காரர், அப்பா பழைய பேட்டையில் வெல்ல வியாபாரி. இக்பால் காலால் பிறந்தவர். அவரைப் பெறுவதற்கு அவர் அம்மா பட்ட பாடு பிற்பாடு ஒரு கம்பெனிக்கே வைத்தியமாக ஆனது. ஷிஃப்ட் மாறும்போது கேன்டீனுக்குப் பின்னால் இரண்டு பேராவது குப்புறப் படுத்திருப்பார்கள், இக்பால் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துக்கொண்டு போவார். காசு வாங்கமாட்டார். அதனால் பேரும் அதிகம்.

இக்பாலோடு மத்திகிரியில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவர் மாதப்பன். ஊர் சாமல்பட்டி. கொஞ்சம் காடு, அதில் ராகி. மனைவி ஊரில் இருக்க, இவர் டிரில்லிங் மெஷினில் டெம்பரரியாகச் சேர்ந்திருந்தார். பெர்மனென்ட் ஆகும் லிஸ்டில் பெயர் வரும் என்று பேச்சு. அதற்காக ஓவர்டைம் எதையும் விடுவதில்லை, லீவும் கேட்பதில்லை, ஊருக்கும் போவதில்லை.

ஒருநாள் காலை டீ இடைவேளையில் மாதப்பன் ஷூ கயிறு கட்டக் குனிந்திருக்கிறார். தோள்பட்டைகளுக்கு நடுவில் யாரோ ஆணி அடித்தது போல ஒரு வலி. அது அப்படியே நெஞ்சைச் சுற்றி வந்து இறுக்கியது. எதையும் தூக்கவில்லை, எதுவும் மேலே விழவில்லை. கூட இருந்தவர்கள் பிடிப்பு என்றார்கள். இக்பால் செருப்பைக் கழற்றினார்.

மிதித்த பிறகு வலி குறையவில்லை. கொஞ்ச நேரத்தில் மாதப்பன், "இக்பாலு, காலு மரத்துக்கினு வருதுடா" என்றார். எழுந்து நிற்கப் பார்த்தபோது முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் இக்பாலுக்குப் பயம் வந்தது. ஆட்டோ பிடித்து எங்கள் நர்சிங் ஹோமுக்குத் தூக்கி வந்தார்.

3. ஓடாத ஸ்டாப் வாட்ச்

டாக்டர் நாகராஜ் பிரசவ வார்டில் ஒரு சிக்கலான கேஸில் இருந்தார். வார்டு சிஸ்டர் போய்ச் சொன்னதும், அங்கிருந்தபடியே, கால் விழுந்த கேஸ் என்றால் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்குள் சி.டி. பார்த்து வைக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

மாதப்பன் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முப்பது வயது சொல்லலாம். அந்த வெயிலிலும் சட்டைப் பொத்தான் கழுத்து வரை போட்டிருந்தது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். இக்பால் தலைமாட்டில் நின்று விசிறிக்கொண்டிருந்தார், ஏனென்றால் கரண்ட் அப்போதுதான் போயிருந்தது.

கரண்ட் போனால் நர்சிங் ஹோமில் ஒரு அமைதி வரும். ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோகும். அந்த அமைதியில் எனக்கு டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்டாப் வாட்சை ஆன் பண்ணிவிட்டேன் போல என்று கோட்டு பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அது ஓடவில்லை. என் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தேன். அது வேறு சத்தம். விரலைப் பிடிக்கக் குனிந்தபோது சத்தம் பெரிதாகக் கேட்டது.

"உங்க கிட்ட வாட்ச் இருக்குதா?" என்று கேட்டேன்.

மாதப்பன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இக்பால்தான் சொன்னார். "அது எப்பவும் வர்ற சத்தந்தாங்க சிஸ்டர். ராத்திரி ரூம்ல படுத்தா கேக்கும். தலவாணிக்கு அடியில டைம்பீஸ் வெச்சிக்கினு தூங்கறான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

விரலில் குத்தினேன். குழாயில் ரத்தம் ஏறியது. ஸ்டாப் வாட்சை இப்போது நிஜமாகவே ஓடவிட்டு, உடைக்க ஆரம்பித்தேன். நூல் வரவில்லை. பாதிக் குழாய் தீர்ந்தது, நூல் இல்லை. முழுக் குழாயும் உடைந்து தீர்ந்தது. கையில் கண்ணாடித் துகளும் சிவப்புத் தண்ணீரும்தான் மிஞ்சின. விரலில் வைத்த பஞ்சைப் பார்த்தேன், முழுக்க நனைந்திருந்தது.

அதற்கு முன் ஒரு முழுக் குழாயும் நூல் இல்லாமல் தீர்ந்ததை நான் பார்த்ததே கிடையாது.

சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றச் சொன்னேன். அவர் கையால் பொத்திக்கொண்டார். "கம்பெனிக்குச் சொல்லிடாதீங்க சிஸ்டர், கால்ல வேணாலும் விழறேன்" என்றார். விழுவதற்குக் கால்தான் வரவில்லை. கழுத்துக்குக் கீழிருந்து மேல் வயிறு வரை நேர்க்கோடாக ஒரு தழும்பு. மெல்லக் கேட்டதில் விஷயம் வந்தது: இருதயத்தில் வால்வு கெட்டுப்போய், பெங்களூரில் அறுவை சிகிச்சை செய்து மெட்டல் வால்வு வைத்திருக்கிறார்கள். டிக் டிக் என்றது அதுதான். மெட்டல் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க, ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். இது தெரிந்தால் கம்பெனி பெர்மனென்ட் ஆக்காது என்று யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்துப் பாயில் படுத்த இக்பாலிடம்கூட.

இக்பால் விசிறியைக் கீழே போட்டார். நான் பிரசவ வார்டுக்கு ஓடினேன்.

4. வால்வு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

டாக்டரிடம் மூன்று விஷயம்தான் சொன்னேன். மெட்டல் வால்வு, இளக்கும் மாத்திரை, சி.டி.யில் நூல் வரவில்லை. அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே நடந்தார். "முதுகுல ஊசி கேன்சல். புரோத்ராம்பின் டைம் போடு, உடனே" என்றார். அந்த ரத்தத்தோடு முதுகில் ஊசி இறக்கியிருந்தால் உள்ளே இன்னொரு கசிவையும் நாமே உண்டாக்கியிருப்போம்.

புரோத்ராம்பின் டைம் என்பது இன்னும் கறாரான பரிசோதனை. ரத்தத்தில் அது உறையாமல் தடுக்கும் சிட்ரேட்டைக் கலந்து சுற்றி, மேலே தெளியும் பிளாஸ்மாவை உடல் சூட்டில் வைத்து, உறைய வைக்கும் மருந்தை விட்டு, எத்தனை செகண்டில் உறைகிறது என்று பார்ப்பது. அந்தச் சூட்டைக் கொடுக்கும் வாட்டர் பாத் கரண்டில் ஓடுவது. எனக்குக் கரண்ட் ஆபீஸ் மேல் எப்போதுமே நம்பிக்கை கிடையாது, அதனால் ஒரு தெர்மாஸ் பிளாஸ்கும் தெர்மாமீட்டரும் வைத்திருந்தேன். ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜும் கையால் சுற்றுவது ஒன்று இருந்தது. சுற்றினேன். என் ரத்தத்தையும் எடுத்து கண்ட்ரோலாகப் போட்டேன், மருந்து கெட்டிருக்கிறதா என்று தெரிய வேண்டுமே. என்னுடையது பதினான்கு செகண்டில் உறைந்தது. மாதப்பனுடையது ஒரு நிமிடம் தாண்டியும் ட்யூபைச் சாய்த்த பக்கமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறையும் அதே கதை.

ரிப்போர்ட்டோடு நான் போனபோது டாக்டர் மாதப்பனின் பாதத்தைக் குண்டூசியால் தொட்டுக்கொண்டிருந்தார். "தெரியுதா?" "இல்லீங்க." "இங்க?" "இல்லீங்க." தொப்புளுக்கு மேலே வந்த பிறகுதான் "ஆங்" என்றார்.

"மாத்திரை அதிகமா முழுங்கினியா?"

"இல்லீங்க சார். சொன்ன கணக்குத்தான்."

"வலி மாத்திரை? சாராயம்? நாட்டு மருந்து?"

"எதுவும் இல்லீங்க. இன்னிக்கு வலி வந்ததுக்கப்புறம்கூட எதுவும் தின்னல. டாக்டருங்க சொன்னபடி கரெக்டா இருக்கறேங்க. ஓசூர் வந்ததுல இருந்து கீரையக் கண்ணுலகூடப் பாக்கல."

அதை நானும் காதில் வாங்கினேன், டாக்டரும் வாங்கினார். இருவருக்கும் அது ஒரு ஒழுங்கான நோயாளியின் பேச்சாகத்தான் பட்டது.

"டெஸ்ட்டு எப்பப் பண்ண?"

அதற்குத்தான் தலையைக் குனிந்தார். பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் போக வேண்டியது. கம்பெனியில் சேர்ந்த பிறகு போகவில்லை. லீவு கேட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

டாக்டர் இக்பாலை வெளியே கூட்டிக்கொண்டு வந்து விளக்கினார். "தண்டுவடம் எலும்புக்குள்ள இருக்குது. வெளியில ரத்தம் கட்டுனா வீங்கும், அவ்வளவுதான். அதுக்குள்ள கட்டுனா வீங்க எடமில்ல. தண்டுவடத்தைத்தான் அமுக்கும். சீக்கிரம் தொறந்து எடுத்தா காலு வரும். நேரமாச்சுன்னா வராது. ஆனா இந்த ரத்தத்தோட எவனும் கத்தி வெக்க முடியாது."

"அப்ப ரத்தத்த உறைய வெச்சிடுங்க சார்."

"வெக்கலாம். வைட்டமின் கே போடணும், புது ரத்தத்துல இருந்து பிளாஸ்மா ஏத்தணும். ஆனா ஒறைஞ்சா வால்வுல கட்டிக்கும். அது உசுருக்கு ஆபத்து. வால்வு ஒரு பக்கம், காலு ஒரு பக்கம்."

இக்பால் தன் பாதங்களைக் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார். "நான் மிதிச்சேனே சார், அதனாலயா?"

"வலி முதல்ல வந்துச்சா, நீ முதல்ல மிதிச்சியா?"

"வலிதாங்க முதல்ல."

"அப்ப கசிவு நீ மிதிக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்குது. மிதிச்சது நல்லதுன்னு சொல்ல மாட்டேன். இனிமே யாரையும் மிதிக்காத."

உள்ளே போய் டாக்டர் மாதப்பனிடமே கேட்டார். மறைக்காமல் இரண்டு பக்க ஆபத்தையும் சொன்னார். மாதப்பன் தொடையை ஒருமுறை கிள்ளிப் பார்த்தார். "காலு இல்லாம ஊட்டுக்குப் போனா சாலம்மா என்ன தூக்கிக்கினு காட்டுக்குப் போவாளா சார்? போட்டுருங்க" என்றார். சாலம்மா அவர் மனைவி. டாக்டர் வைட்டமின் கே ஊசியைக் குறைந்த அளவில், மெதுவாக நரம்பில் ஏற்றினார். பெங்களூருக்குப் போன் போட்டு அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார்.

இனி வேண்டியது வண்டியும், ரத்தம் கொடுக்க ஆட்களும். இரண்டும் கம்பெனியில்தான் இருந்தன. கம்பெனிக்குத் தெரியக் கூடாது என்று மாதப்பன் மறுபடி ஆரம்பித்தார். இக்பால் அதைக் காதில் வாங்கவில்லை. ரிசப்ஷனுக்கு வந்து, கம்பெனியில் ஆள் எடுக்கிற பர்சனல் ஆபீசருக்குப் போன் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன், அந்தப் பக்கத்துக் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது.

"ஹார்ட் ஆபரேஷன் பண்ணவனா? எவன்யா அவன உள்ள விட்டது? மெடிக்கல்ல எப்படிப் பாஸ் ஆனான்?"

"சார், அப்புறமாத் திட்டுங்க. இன்னிக்கு வேனயும் ரத்தம் குடுக்க ஆளுங்களயும் குடுங்க."

"என்னடா பேசற நீ?"

"திட்டறதுக்கு அவன் இருக்கணும் இல்லீங்களா சார்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அந்த ஆபீசர், "எத்தினி பேர் வேணும்?" என்று கேட்டார். அந்த மனிதரைப் பற்றி ஊரில் நல்லதாக யாரும் பேசமாட்டார்கள். அன்றைக்கு வேனோடு ஒரு ஷிஃப்ட்டையே அனுப்பி வைத்தார்.

என் லேப் வாசலிலிருந்து மெயின் ரோடு வரை ஆட்கள் நின்றார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், திருநெல்வேலித் தமிழ் எல்லாம் ஒரே வரிசையில். கண்ணாடி ஸ்லைடில் ஒவ்வொருவராகக் குரூப் பார்த்தேன். பொருந்துகிறவர்கள் மட்டும் வேனில் ஏற வேண்டும், பெங்களூரில் இறங்கியதும் ரத்தம் எடுத்துப் பிளாஸ்மா பிரித்துவிடலாம். "நீங்க ஏறுங்க. நீங்க வேணாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்களில் சிலர் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். "நான் மட்டும் இன்னா சிஸ்டர் பாவம் பண்ணேன்?" என்று ஒருவர் கேட்டார். இக்பாலின் குரூப் பொருந்தவில்லை. வேண்டாம் என்றதை அவர் கேட்கவே இல்லை, மாதப்பனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வேனில் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டார்.

கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரிகள் வழியை அடைத்து நின்றதாகவும், வேனில் இருந்தவர்கள் இறங்கி ஓடி ஒவ்வொரு டிரைவரிடமும் அவரவர் பாஷையில் கெஞ்சி வழி வாங்கியதாகவும் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

5. சாலம்மா

அறுவை சிகிச்சை அன்று சாயங்காலமே நடந்தது. உள்ளே கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். வால்வில் ஒன்றும் கட்டவில்லை. இடது கால் சில நாட்களில் அசைந்தது. வலது கால் அடம் பிடித்தது. கோல் ஊன்றி, வலது காலைக் கொஞ்சம் இழுத்தபடி மாதப்பன் எங்கள் நர்சிங் ஹோமுக்கு நடந்து வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. இனி டெஸ்ட் எங்களிடமே பார்த்துக்கொள்ளட்டும் என்று பெங்களூரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கூட ஒரு பெண் வந்தார். மெலிந்த உடம்பு, வேகமான நடை, கணவருக்காக அந்த வேகத்தை அடக்கிக்கொண்டு வந்தார். அதுதான் சாலம்மா. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் முருங்கைக்கீரை.

டாக்டர் பெங்களூர் சீட்டில் கசிவுக்கு முன்பிருந்த மாத்திரை அளவைப் பார்த்துக்கொண்டே, "இவ்வளவு டோஸ் எதுக்கு ஏத்துனாங்கன்னுதான் எனக்குப் புரியல. ஒல்லியான ஆளு, இதுல பாதி போதுமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பையைப் பார்த்தார். "இது என்னம்மா?"

"கீரைங்க."

"யாருக்கு?"

சாலம்மா கணவரைப் பார்த்தார். கணவர் தன் கோலைப் பார்த்தார்.

"இந்த மாத்திரை திங்கறவங்க கீரை திங்கக்கூடாதுன்னு பெங்களூர்ல சொன்னாங்களா இல்லையா?" டாக்டர் குரல் உயர்ந்தது. அடுத்த வாக்கியம் கன்னடத்தில் வந்தது. அதற்கடுத்ததும்.

சாலம்மாவுக்கும் கன்னடம் தெரியும் போல. அவர் பயப்படவில்லை. "சொன்னாங்க சார். சொன்னா ஆச்சா? நெஞ்ச ரெண்டா பொளந்து தெச்சிக் குடுத்தீங்க. ஆளு துணி மாதிரி வெளுத்துப் போயிக் கெடந்தாரு. கீரை தின்னாத்தானே ரத்தம் ஊறும்? களி கிண்டுனா கீரை கடைஞ்சிதான் ஊத்துவேன். எங்க ஊர்ல களிக்கு வேற இன்னா இருக்குது? பண்ணக்கீரை, தொய்யக்கீரை, முருங்கக்கீரை, எது கெடைக்குதோ அது. தெனமும்."

"ஒவ்வொரு தடவையும் அங்க கேப்பாங்களே, கீரை தின்னியான்னு?"

"கேப்பாங்க. இல்லன்னு சொல்லுவாரு. நாந்தான் சொல்லச் சொன்னேன். மொதல்ல ஒரு தடவ உண்மையச் சொன்னாரு, அந்த டாக்டரம்மா கத்துன கத்துல வராண்டாவே திரும்பிப் பாத்துச்சு. அதுக்கப்புறம் யாரு சொல்லுவாங்க?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. கீரையில் இருப்பதும் வைட்டமின் கே தான். நாங்கள் அன்றைக்கு நரம்பில் ஏற்றிய அதே சரக்கு. சாலம்மா தினமும் கடைந்து ஊற்றிய கீரை மாத்திரையின் வேலையைக் குறைத்தது. கீரையே தின்பதில்லை என்று நோயாளி சத்தியம் செய்கிறார், ரத்தமோ இளகவில்லை. பெங்களூரில் மாத்திரையை ஏற்றினார்கள். மறுபடியும் ஏற்றினார்கள். கடைசியில் கீரையும் மாத்திரையும் சமமாக நின்ற ஒரு அளவு கிடைத்தது. அந்த அளவோடு மாதப்பன் ஓசூருக்கு வந்தார். கம்பெனி கேன்டீனில் கீரையே கிடையாது, அத்தனை பேருக்கு யார் உட்கார்ந்து ஆய்வது? சாம்பார், மோர், ஒரு கூட்டு. மாத்திரை அதே மாத்திரைதான், தட்டில் கீரை இல்லை. எதிர்த்து இழுக்க ஆள் இல்லாத கயிறு போல மாத்திரை தன் பக்கமே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. டாக்டர்கள் சொன்ன சொல்லை மாதப்பன் முதல்முறையாக ஒழுங்காகக் கேட்டது அந்த மாதங்களில்தான். அப்போதுதான் ரத்தம் கசிந்தது.

"அப்ப என் கீரைதான் சார் இவரு காலைக் கெடுத்துச்சா?" என்று சாலம்மா கேட்டார். அதுவரை இருந்த துணிச்சல் அந்தக் குரலில் இல்லை. பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

டாக்டர் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்தார். பிறகு தமிழில், மெதுவாகச் சொன்னார். "கீரை கெடுக்கலம்மா. கீரை நின்னது யாருக்கும் தெரியல, அதுதான் கெடுத்துச்சு. நீ தெனமும் எவ்வளவு போடுவ?"

"ஆய்ஞ்சா ஒரு பிடி வரும்."

"சரி. தெனமும் ஒரு பிடி. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். நான் மாத்திரைய உன் கீரைக்கு ஏத்த மாதிரி வெச்சிக்கறேன். என்னிக்காவது நின்னு போச்சுன்னா இங்க வந்து சொல்லணும். நான் திட்ட மாட்டேன்."

அவர்கள் போன பிறகு என்னிடம், "திட்டுனா வாய மூடிக்கறாங்க வசந்தா. அப்புறம் நம்மகிட்ட வந்து சேர்றது வெறும் ரத்தந்தான்" என்றார். டாக்டர் நாகராஜ் அதற்குப் பிறகு கன்னடம் பேசுவதை நிறுத்திவிட்டார் என்று சொன்னால் அது பொய். எங்களிடம் பேசினார். மாத்திரைக்காரர்களிடம் பேசவில்லை.

6. கேட்க வேண்டிய கேள்வி

கம்பெனி மாதப்பனை டிரில்லிங் மெஷினுக்குத் திரும்ப எடுக்கவில்லை. யூனியன் பேசி, இக்பால் அந்த பர்சனல் ஆபீசரின் அறை வாசலில் பல நாள் நின்று, கடைசியில் டூல் ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது. சாலம்மா மத்திகிரிக்கே வந்துவிட்டார். வாடகை வீட்டுக்குப் பின்னால் குழாயடித் தண்ணீர் ஓடுகிற இடத்தில் கீரைப் பாத்தி போட்டார். வீட்டுக்காரர் முணுமுணுத்தாராம், அவருக்கும் ஒரு கட்டு போனதும் நிறுத்திக்கொண்டாராம். இக்பால் மிதிப்பதை விட்டுவிட்டார். யாராவது வந்து குப்புறப் படுத்தால், "மாத்திரை எதாச்சும் திங்கறியா?" என்று கேட்டு எங்களிடம் அனுப்பிவைப்பார். அப்படி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வெறும் பிடிப்புதான். அவர்களையும் நான் திட்டவில்லை.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் வந்து உட்கார்ந்தால், "பத்தியமா இருக்கீங்களா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், யார் சமைத்தார்கள், போன மாதமும் அவர்தான் சமைத்தாரா என்று கேளுங்கள். திடீரென்று முதுகு வலித்து, கால் மரத்துப்போகிறது என்றால் வேறு எதையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், ஓடுங்கள்.

சில வருஷம் கழித்து ஒருநாள் மத்தியானம், லேப் வாசலில் கோல் தட்டும் சத்தம் கேட்டது. மாதப்பன். அவருக்கு டெஸ்ட் நாள் அது இல்லை. முகம் சரியில்லை. முதுகு வலியா என்று பதறிக் கேட்டேன்.

"வலி இல்லீங்க சிஸ்டர். சாலம்மா ஊருக்குப் போயிட்டா, ராகி அறுப்பு. நான் கேன்டீன்லதான் சாப்புட்டுக்கினு இருக்கறேன். கீரை நின்னு போச்சுங்க. அதான் சொல்லிட்டுப் போலாம்னு ஷிஃப்ட்டுக்கு முன்னாடியே வந்தேன்."

சொல்லிவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். டாக்டரின் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"டாக்டரு திட்டுவாருங்களா?"

"திட்ட மாட்டாரு. வந்து உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்து, கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினார். கழுத்துப் பொத்தான் திறந்தே இருந்தது.